நடக்கிற தூரத்தில் ஒரு வீடு

மணியக்காரர் நகரில் வாடகைக்கு வீடு தேடி வருகிறவர்களிடம் புரோக்கர் காதர் பாய் முதலில் ஆபீஸ் எங்கே என்று கேட்பார், அப்புறம் பிள்ளைகள் எந்த வகுப்பு என்று கேட்பார், வீட்டில் உடம்புக்கு முடியாதவர்கள் உண்டா, மாடி ஏறுவார்களா என்று கேட்பார், எல்லாம் கேட்டு முடித்து ஸ்கூட்டரைக் கிளப்பப் போகும்போது, தண்ணீர் உப்பா நல்ல தண்ணியா என்று சொல்கிற அதே குரலில், "வர்றவங்க இருக்கிற வீடு வேணுமா, இல்லாத வீடு வேணுமா தங்கச்சி?" என்றும் கேட்பார்.

தமயந்தி அதை விருந்தாளிகள் என்று நினைத்துக்கொண்டாள். மாமனாரைப் பார்க்க ஊரிலிருந்து எப்போதாவது யாராவது வருவார்கள் என்றாள். காதர் பாய் வண்டியை மறுபடி ஸ்டாண்டில் போட்டார்.

"அது இல்லம்மா. வேலை முடிஞ்சு வீட்டுக்குத் திரும்பும்போது வழியிலயே முடிஞ்சுபோனவங்க. சாயங்காலம் வருவாங்க. அவங்க இருந்த வீட்டுக்குத்தான் வருவாங்க, இப்ப உள்ள இருக்கிறது யாருன்னு பாக்கமாட்டாங்க. ஒரு காப்பி குடுத்தா குடிப்பாங்க. நல்லா இருட்டினதும் இருக்கமாட்டாங்க. தொந்தரவு எதுவும் கிடையாது. சில பேருக்கு ஒத்துக்காது, சில பேரு அப்படி வீடுதான் வேணும்னு கேட்டு வருவாங்க. அதான் கேட்டுக்கிறது."

"இல்லாத வீடே பாருங்க பாய்" என்றாள் தமயந்தி. "எங்க வீட்லயே ஒருத்தர் அப்படித்தான் போயிட்டார்."

காதர் பாய் தலையாட்டினார். தொப்பியைச் சரிசெய்துகொண்டு வண்டியை மிதித்தார்.

தமயந்தியின் புருஷன் குணாளன் கிண்டி எஸ்டேட்டில் பம்பு செய்கிற கம்பெனியில் வேலை பார்த்தவன். வீடு கூடுவாஞ்சேரிக்கும் அந்தப் பக்கம், ஏரிக்கரையை ஒட்டி, ஜன்னலைத் திறந்தால் காற்று வீட்டுக்குள் ஓடிப் பிடித்து விளையாடுகிற இடத்தில் இருந்தது. அந்தக் காற்றுக்காகவே அவ்வளவு தூரம் போனார்கள். ஆனால் காற்றை அனுபவிக்கத்தான் அவனுக்கு நேரம் இருந்ததில்லை, மகள் எழுந்திருக்குமுன் போவான், அவள் தூங்கினபின் வருவான், ஞாயிற்றுக்கிழமை மட்டும் வீட்டுக்கு வருகிற சொந்தக்காரர் போல அந்தப் பிள்ளை அவனைப் பார்க்கும். போன ஐப்பசி மழையில் பைக்கில் வந்தவன் தாம்பரத்தைத் தாண்டவில்லை. கம்பெனி அவன் இடத்தில், ஸ்டோர்ஸ் பிரிவில், தமயந்திக்கு ஒரு வேலை போட்டுக் கொடுத்தது. அவன் போன ரோட்டிலேயே அவளும் போனாள், அவன் வந்த நேரத்துக்கே அவளும் வந்தாள், மகள் நறுமுகை தன் அம்மாவையும் ஞாயிற்றுக்கிழமை மட்டும் பார்க்கத் தொடங்கினாள். மாமனார் சிவக்கொழுந்துக்கு சிறுநீரகம் இரண்டும் கைவிட்டு, ஒன்றுவிட்டு ஒரு நாள் டயாலிசிஸ் செய்யவேண்டியிருந்தது, அதற்குப் போய்வருகிற ஆட்டோவில் குலுங்கியே அவர் பாதி செத்தார். ஒரு வீடு, அதிலிருந்து ஆபீசும் பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் நடக்கிற தூரத்தில் இருக்க வேண்டும், காற்று வராவிட்டாலும் பரவாயில்லை என்று அவள் முடிவு செய்தது அப்படித்தான்.

காதர் பாய் காட்டிய முதல் வீட்டில் வெளிச்சம் இல்லை. அடுத்ததில் படிகள் செங்குத்தாக இருந்தன. கடைசியாக மூன்றாவது குறுக்குத் தெருவில் ரெபேக்கா அக்காவின் முதல் மாடிக்குக் கூட்டிப்போனார். ரெபேக்கா அக்கா கீழே இருந்தாள், புருஷன் இல்லை, பிள்ளைகள் இல்லை, ஆனால் தினமும் சாயங்காலம் அவள் வீட்டுக்கு ராமானுஜம் என்று ஒரு வங்கிக்காரர் வருவார், அவள் அந்த வீட்டை வாங்குவதற்கு முன்னால் அங்கே குடியிருந்தவர், செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு நாற்காலியில் உட்காருவார், சர்க்கரை கம்மியாக ஒரு காப்பி குடிப்பார், பேப்பர் வந்ததா என்று கேட்பார். "மேல யாரும் வர்றதில்ல" என்றாள் ரெபேக்கா அக்கா. "புதுசாக் கட்டின போர்ஷன்தானே, அதுல இருந்து போனவங்க யாருமில்ல." தமயந்தி பால்கனியில் நின்று பார்த்தாள். பள்ளிக்கூடத்து மணி அங்கேயே கேட்டது. ஆஸ்பத்திரியின் பச்சை போர்டு வேப்பமரத்துக்குப் பின்னால் தெரிந்தது. எஸ்டேட்டின் பின்வாசல் தெருமுனையிலேயே இருந்தது, இத்தனை மாதம் அவள் முன்வாசல் வழியாக ஸ்டேஷனுக்கு ஓடியதில் இப்படி ஒரு பக்கம் இருப்பதே தெரிந்திருக்கவில்லை.

அந்த நகரில் இறந்தவர்கள் எப்போதிருந்து வரத் தொடங்கினார்கள் என்று கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள், ஏன் வருகிறார்கள் என்று கேட்டால் யாரும் எதுவும் சொல்லமாட்டார்கள், வேலை முடிந்தால் வீட்டுக்கு வராமல் எங்கே போவார்கள் என்று திருப்பிக் கேட்பார்கள். பைக்கில் போனவர்களும் பஸ்ஸில் போனவர்களும் ரயிலில் தொங்கிப் போனவர்களும் நடந்துதான் வருவார்கள், இறந்தவர்களுக்கு வண்டி கிடையாது. அதனால் சென்னையில் வேறு எங்கும் இல்லாத நடைபாதை மணியக்காரர் நகரில் இருந்தது. அகலமாக, மேடு பள்ளம் இல்லாமல், எஸ்டேட் பின்வாசலிலிருந்து பெரிய ரோடு வரைக்கும் ஒரே சீராக ஓடியது. அதன்மேல் யாரும் பைக் நிறுத்தமாட்டார்கள், கடைக்காரர்கள் பலகை போடமாட்டார்கள். ஒருதரம் கேபிள் போட வந்தவர்கள் பள்ளம் தோண்டி மூடாமல் போய்விட, அன்று சாயங்காலம் நடந்து வந்தவர்கள் பள்ளத்துக்கு முன்னால் வரிசையாக நின்றுவிட்டார்கள், யாரும் தாண்டவில்லை, யாரும் முறையிடவில்லை, சும்மா நின்றார்கள், அதைப் பார்க்கச் சகிக்காமல் வீட்டுக்கு வீடு கட்டில் பலகையையும் கதவையும் கழற்றிக் கொண்டுவந்து போட்டுப் பாலம் கட்டினார்கள். அந்த நேரத்தில் ஆட்டோக்காரர்கள் ஹாரன் அடிப்பதில்லை. பிள்ளைகள் பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓரமாக நிற்பார்கள், கடைசி ஆள் போனதும் விட்ட இடத்திலிருந்து ஆடுவார்கள். மாதா கோயிலிலும் மசூதியிலும் பிள்ளையார் கோயிலிலும் ஒலிபெருக்கியைக் கொஞ்சம் குறைத்துவைப்பார்கள். வீடு பார்க்க வருகிற புதுக் குடும்பங்கள் நடைபாதையைப் பார்த்து மயங்கி, குழந்தையை வண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போகலாம் என்று சந்தோஷப்படும், அது யாருக்காகப் போட்ட பாதை என்று பிறகுதான் தெரியவரும், தெரிந்தபிறகும் பெரும்பாலும் யாரும் காலி செய்வதில்லை, ஆபீஸ் பக்கம், பள்ளிக்கூடம் பக்கம், வேறெங்கே போவது.

குடிவந்த முதல் சில நாட்கள் தமயந்தி சாயங்காலங்களில் சமையலறையிலேயே இருந்துகொண்டாள். வெளிச்சம் இருக்கும்போதே வீட்டில் இருப்பது அவளுக்கு யாரோ மறந்து கொடுத்துவிட்ட பொருள் மாதிரி இருந்தது. நறுமுகை பக்கத்தில் உட்கார்ந்து வாய்ப்பாடு சொன்னாள், தோசைக்கு அடம்பிடித்தாள், வகுப்பில் யார் யாரைக் கிள்ளினார்கள் என்று சொன்னாள். அம்மாவுக்கு இத்தனை நேரம் இருக்கும் என்று நம்பாதவள் போல எல்லாவற்றையும் வேகமாகச் சொன்னாள்.

பிறகு ஒருநாள் காயப்போட்ட துணியை எடுக்க தமயந்தி பால்கனிக்கு வந்தாள். கீழே அவர்கள் போய்க்கொண்டிருந்தார்கள். கழுத்தில் அடையாள அட்டை போட்டவர்கள், டிபன் பை வைத்திருந்தவர்கள், ஹெல்மெட்டைக் கழற்றாதவர்கள், ஒருவரோடு ஒருவர் பேசாமல், ஆனால் ஒரே ரயிலில் தினமும் போகிறவர்களைப் போல ஒருவருக்கொருவர் இடம் விட்டு நடந்தார்கள். சித்திரை வெயில் இன்னும் இறங்கியிருக்கவில்லை. அந்த வெயிலில் ஒருவன் மட்டும் நீல மழைக்கோட்டு போட்டுக்கொண்டு, அதிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட, நடைபாதையில் ஈரக் கால்தடம் பதித்துக்கொண்டு வந்தான். அவன் இடது தோளைக் கொஞ்சம் சாய்த்து நடந்தான். தமயந்தி துணியைக் கீழே போட்டாள்.

அவள் படியிறங்கி ஓடியபோது அவன் ரெபேக்கா அக்காவின் கேட்டைத் தாண்டிப் போயிருந்தான். பக்கத்தில் போய்ச் சேர்ந்துகொண்டாள். மூச்சு வாங்கியது. என்ன பேசுவது என்று தெரியாமல், "என்னங்க" என்றாள்.

குணாளன் திரும்பிப் பார்த்தான். ஆச்சரியப்படவில்லை. "தமா, நீ எங்க இங்க? சரி வா, சீக்கிரம் நட. இன்னிக்காவது நறு தூங்கறதுக்குள்ள போயிடணும்."

அவள் நடந்தாள். பெரிய ரோடு வந்ததும் நடைபாதை முடிந்தது, அவன் நிற்கவில்லை, பஸ்களுக்கும் சுவருக்கும் நடுவில் ஒடுங்கிக்கொண்டு தெற்கே திரும்பினான், அவள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு பின்னாலேயே போனாள். அவன் ஏரியில் தண்ணீர் ஏறிவிட்டதா என்று கேட்டான், அப்பாவுக்கு மாத்திரை வாங்கினாயா என்று கேட்டான், அவள் எல்லாவற்றுக்கும் ஆமாம் என்றாள். விமான நிலையத்தின் நீண்ட மதிலுக்கு வந்தபோது வானம் முழுக்க இருண்டுவிட்டது. "இன்னும் கொஞ்ச தூரம்தான்" என்று சொல்லிக்கொண்டே இருந்தவன் பக்கத்தில் இல்லை. மதிலோரம் ஒரு கை அளவு தண்ணீர் தேங்கியிருந்தது.

திரும்பி வந்தவளை ரெபேக்கா அக்கா கேட்டிலேயே பிடித்துக்கொண்டாள். கேட்காமலே புரிந்துகொண்டு உள்ளே கூட்டிப்போய்த் தண்ணீர் கொடுத்தாள்.

"பக்கத்துல வீடு இருக்கிறவங்கதான் போய்ச் சேருவாங்க. தூரமா இருக்கிறவங்க இருட்டறதுக்குள்ள எவ்வளவு போக முடியுமோ அவ்வளவுதான். மறுநாள் மறுபடி ஆபீஸ்லருந்து."

"அவருக்கு நாங்க வீடு மாத்தினது தெரியாதுக்கா."

"தெரியாது. சொன்னா வந்துடுவாங்க." ரெபேக்கா அக்கா டம்ளரை வாங்கி வைத்தாள். "ஆனா ஒண்ணு. ராமானுஜம் சார் தானா வர்றார், அவருக்கு எதுவும் தெரியாது, அதனால தினமும் வர்றார். நாம சொல்லிக் கூட்டிட்டு வந்தவங்க அப்படி இல்ல. எல்லாம் புரிஞ்சு ஒருதரம் வந்துட்டாங்கன்னா, மறுநாள் ஆபீஸ்லருந்து கெளம்பமாட்டாங்க. எதிர் வீட்டு டீச்சர் அதனாலதான் அவங்க வீட்டுக்காரர்கிட்ட இன்னும் சொல்லல. வருஷக்கணக்கா பல்லாவரம் பக்கம் வரைக்கும் அவரோட போய்ட்டு வருது."

தமயந்தியும் சொல்லவில்லை. வேலை முடிந்ததும் பின்வாசலிலேயே காத்திருந்தாள், அவன் வந்ததும் கூட நடந்தாள். உயிரோடு இருந்தபோது அவர்கள் இருவரும் இவ்வளவு பேசியதில்லை. கல்யாணத்தன்று பந்தியில் ரசம் தீர்ந்துபோனதைப் பற்றிப் பேசினார்கள், அவன் சின்ன வயதில் கிணற்றில் விழுந்ததைச் சொன்னான், அவளுக்கு அது அதுவரை தெரியாது. மதில் வந்ததும் அவன் போய்விடுவான். அவள் பஸ் பிடித்து, நெரிசலில் நின்று, வீடு வந்து சேரும்போது நறுமுகை தாத்தா போட்டுக் கொடுத்த ரொட்டியைத் தின்றுவிட்டுத் தூங்கியிருப்பாள்.

மாமனாரிடம் மறைக்க முடியவில்லை. சிவக்கொழுந்து அவளுக்கு முன்பே பார்த்திருந்தார். பால்கனியில் நாற்காலி போட்டு, டயாலிசிஸ் செய்த நாளில்கூட, கையில் பிளாஸ்திரியோடு, வெயில் சாயத் தொடங்கும்போதே வந்து உட்கார்ந்துகொள்வார். மகன் தெருவில் நுழைந்ததிலிருந்து முனையில் திரும்புவது வரை பார்ப்பார். கூப்பிடமாட்டார். ரெபேக்கா அக்கா அவரிடமும் எல்லாம் சொல்லியிருந்தாள்.

"நீ சொல்லிடாதம்மா" என்றார் தமயந்தியிடம். "எனக்கு இன்னும் கொஞ்ச காலம்தான். அதுவரைக்கும் பாத்துக்கிட்டு இருந்துட்டுப் போறேன்."

"சரி மாமா."

ஆனால் நறுமுகை ஒருநாள் தூங்காமல் விழித்திருந்தாள். செருப்பைக் கழற்றுகிற அம்மாவைப் படுக்கையிலிருந்தே பார்த்தாள். அழவில்லை, கோபப்படவும் இல்லை, ஒரு விஷயத்தைக் கவனித்துச் சொல்கிற மாதிரிச் சொன்னாள்: "இங்க வந்தும் நீ லேட்டாதாம்மா வர்ற."

தமயந்தி அவள் பக்கத்தில் படுத்துக்கொண்டாள். பிள்ளையின் கால் வளர்ந்து தன் முழங்காலைத் தொடுவது அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது.

அதற்குப் பிறகு அவள் போகவா இருக்கவா என்று தத்தளித்தாள். ஒருநாள் வீட்டிலேயே இருந்துவிட்டாள். மகளோடு தாயம் ஆடினாள், காய் எங்கே நகர்ந்தது என்று பார்க்கவில்லை, ஜன்னலுக்குக் கீழே ஈரக் காலடி போகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அன்றைக்கு அவளுக்குப் பதிலாக சிவக்கொழுந்து இறங்கிப் போனார் என்பது அவளுக்குத் தெரியவில்லை. தனியாக நடக்கிறானே என்று அவருக்குப் பொறுக்கவில்லை. மகனோடு சேர்ந்துகொண்டு சற்று தூரம் போனார், அவன் நடைக்கு அவரால் ஈடுகொடுக்க முடியவில்லை, தெருமுனைக்கு முன்பே தடுமாறி நடைபாதையில் விழுந்தார். பின்னால் வந்தவர்கள் அவரைச் சுற்றிக்கொண்டு போனார்கள். மகன் திரும்பிப் பார்த்தான், "வாங்கப்பா, நேரமாச்சு" என்றான், நிற்கவில்லை, அவனால் நிற்க முடியாது போலிருந்தது. விழுந்த இடத்திலிருந்து அவர் கண்ணுக்கு மகனுடைய கால்கள்தான் தெரிந்தன.

ஆட்டோக்காரர்கள் அவரைத் தூக்கிக்கொண்டு வந்து விட்டுப்போனார்கள். எலும்பு ஒன்றும் முறியவில்லை. தமயந்தி முழங்கையில் மருந்து வைக்கும்போது அவர் அவள் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"அவன் செருப்புல அடியே இல்லம்மா. தேஞ்சு போச்சு. வெறுங்கால் தார்ல படுது. தினமும் ஆபீஸ்லருந்துதான் கெளம்புறான், ஆனா கால் மட்டும் நேத்து நடந்த கால்தான்." அவள் கையை விட்டார். "நான் மேல உக்காந்து மூஞ்சியத்தான் பாத்துக்கிட்டு இருந்துருக்கேன். சொல்லிடு. கூட்டிட்டு வந்துடு."

"மாமா, அப்புறம் அவர் வரமாட்டார்."

"தெரியும். அவன் ஒக்காரட்டும்."

மறுநாள் தமயந்தி மதியமே அனுமதி கேட்டுக்கொண்டு வந்து வீட்டைப் பெருக்கித் துடைத்தாள். கத்திரிக்காய் வதக்கினாள், அவனுக்குப் பிடித்த மாதிரி காரம் தூக்கலாக. நறுமுகையிடம் அப்பா வருவார் என்றாள். அந்தத் தெருப் பிள்ளைகளோடு பழகியிருந்த நறுமுகை, "எத்தனை மணிக்கு?" என்று மட்டும் கேட்டாள்.

அவன் வந்தான். கேட்டுக்கு எதிரே அவள் அவன் முன்னால் போய் நின்றாள்.

"என்னங்க, அந்த வீட்டுல இப்ப நாங்க இல்ல. வீடு மாத்தியாச்சு."

குணாளன் நின்றான். பின்னால் வந்தவர்கள் ஒதுங்கிப் போனார்கள். அவன் கண்கள் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தன.

"என்னக் கேக்காமயா?"

"கேக்க முடியலங்க."

அவன் தன் மழைக்கோட்டைப் பார்த்தான். பிறகு வெயிலைப் பார்த்தான். அவளால் அவனுடைய முகத்தைப் பார்க்கமுடியவில்லை, கேட்டின் தாழ்ப்பாளைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"மழை பேஞ்சு எவ்வளவு நாளாச்சு தமா?"

"ரொம்ப நாளாச்சுங்க."

"ஓ" என்றான். அப்புறம், "எங்க வீடு?" என்றான்.

அவள் மேலே காட்டினாள். பால்கனியில் அப்பாவும் நறுமுகையும் நின்றார்கள். குணாளன் எஸ்டேட்டின் பின்வாசலைத் திரும்பிப் பார்த்தான், அது அங்கேயே தெரிந்தது.

"இவ்வளவு பக்கத்துலயா" என்றான்.

படியில் அவன் கைப்பிடியைப் பிடித்து மெல்ல ஏறினான், ஒவ்வொரு படியிலும் ஈரம் நின்றது. செருப்பை, அதில் மிச்சமிருந்த வாரை, வாசலில் கழற்றினான். அப்பா அவன் தோளைத் தொட்டார், தன் வேட்டி ஒன்றை எடுத்துக் கொடுத்தார். கால் கழுவிவிட்டு வந்து குணாளன் வீட்டைச் சுற்றிப் பார்த்தான், வீடு பார்க்க வந்தவர்கள் பார்ப்பது போலவே, குழாயைத் திறந்து தண்ணீர் எப்படி வருகிறது என்று பார்த்தான், ஜன்னல் எந்தப் பக்கம் என்று பார்த்தான்.

"காத்து வராதே" என்றான்.

"ஃபேன் போட்டுக்கிறோம்."

"அப்பாவுக்கு ஆஸ்பத்திரி?"

"நான் நடந்தே போய்ட்டு வந்துர்றேன்டா" என்றார் சிவக்கொழுந்து.

நறுமுகை அவனுக்குத் தன் பள்ளிக்கூடத்தை ஜன்னல் வழியாகக் காட்டினாள். மணி அடித்த பிறகு ஓடினால்கூடப் போய்விடலாம் என்றாள். அவன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். விழித்திருக்கிற பிள்ளையை அவன் வாரநாளில் பார்த்து எவ்வளவோ காலம் ஆகியிருந்தது. அவள் வாய்ப்பாடு சொன்னாள், பதினாறில் தடுக்கினாள், அவன் எடுத்துக் கொடுத்தான். தட்டில் போட்டதை எல்லாம் சாப்பிட்டான். வெளியே வெளிச்சம் குறைய ஆரம்பித்தது. தமயந்தி விளக்கைப் போடப் போனவள் போடாமலே நின்றாள், விளக்கைப் போட்டால் இருட்டிவிட்டது என்று ஒத்துக்கொண்டதாகிவிடும் என்று தோன்றியது.

"நல்ல இடமாத்தான் பாத்திருக்க தமா" என்றான் குணாளன். நறுமுகை அவன் மடியில் சாய்ந்திருந்தாள். "முன்னாடியே பாத்திருக்கலாம்."

கீழே ராமானுஜம் சார் பேப்பர் வந்ததா என்று கேட்பது கேட்டது. பிறகு அதுவும் கேட்கவில்லை. நறுமுகையின் தலை மெல்லச் சரிந்து நாற்காலியின் வெறும் பிரம்பில் பட்டது. அவள் நிமிர்ந்து உட்கார்ந்து அம்மாவைப் பார்த்தாள். வேட்டி நாற்காலியின் கைப்பிடியில் மடிப்புக் கலையாமல் கிடந்தது. சிவக்கொழுந்து எழுந்துபோய் விளக்கைப் போட்டார்.

மறுநாள் அவர்கள் வந்தார்கள், எப்போதும்போல வரிசையாக, எப்போதும்போல ஒருவருக்கொருவர் இடம் விட்டு. நடைபாதை காய்ந்திருந்தது. சிவக்கொழுந்து பால்கனிக்கு வரவில்லை. தமயந்தி கீழே இறங்கி, யாருக்கென்று தெரியாமல், கேட்டருகே நின்றாள். கடைசி ஆளும் போய்விட்டார் என்று அவள் நினைத்தபோது, புதிதாக ஒரு பெண் வந்தாள், இருபது வயதுக்குச் சற்று மேலிருக்கும், காதில் ஒரு தோடு மட்டும் இருந்தது, மற்றவர்களோடு சேர்ந்து நடக்க இன்னும் பழகாதவள் போல அங்கங்கே நின்று பெயர்ப்பலகைகளைப் படித்துக்கொண்டு வந்தாள். தமயந்தியைப் பார்த்ததும் பக்கத்தில் வந்தாள்.

"அக்கா, பெருங்களத்தூர் இந்தப் பக்கம்தானே? நடந்து போனா இருட்டறதுக்குள்ள போயிடலாமா? அம்மா காத்துக்கிட்டு இருப்பாங்க."

தமயந்தி தெற்கே பார்த்தாள். பெரிய ரோட்டில் வண்டிகள் அசையாமல் நின்றன, அவற்றுக்கு மேலே வானம் செம்மண் நிறத்தில் இறங்கிக்கொண்டிருந்தது. அந்தப் பெண்ணுக்காக யாரும் இந்தப் பக்கம் வீடு மாற்றி வந்திருக்கவில்லை.

"பக்கம்தாம்மா" என்றாள். "நேரா போ. போயிடலாம்."

அந்தப் பெண் தலையாட்டிவிட்டு, துப்பட்டாவை இழுத்துக் கட்டிக்கொண்டு, முன்னைவிட வேகமாக நடக்கத் தொடங்கினாள்.